நுவரெலியா என்னும் சுகவாசஸ்தலம்

கடல் சூழ்ந்த நாட்டினர் ஓய்வை நாடுங்கால் கடற்கரைக்கே செல்வர் என எண்ணுதல் இயல்பு. இங்கிலாந்திலே பிரைற்றன் முதலிய கரையோர ஊர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுக் குடும்பத்துடன் சென்று தங்கும் நகரங்களாக வளர்ந்தன. மேற்கிந்தியத் தீவுகளின் வெண்மணற் கரைகளுக்கு இன்று பல நாட்டினரும் மனைவி மக்களுடன் சென்று சில நாள் தங்கி மீளுகின்றனர். இலங்கையை ஆண்ட ஆங்கிலேயரோ, நாற்புறமும் கடலிருந்தும், ஓய்வுக்காக மலையேறினர். கொழும்பின் வெக்கையும் தாழ்நிலத்துக் காய்ச்சலும் அவர்களை அங்ஙனம் ஏற்றின. அவ்வாறு தோன்றிய நுவரெலியாவின் வரலாற்றைத் தேசாதிபதிகளின் பெயர்களாலும் விடுதிகள் திறந்த ஆண்டுகளாலும் மட்டும் எழுதிவிடுதல் வழக்கமாயிற்று. நகரத்தைச் சூழ்ந்து நிற்கும் தேயிலை மலைகளையும், அம்மலைகளில் வாழ்வோரையும் சேர்த்து நோக்கினாலன்றி அவ்வரலாறு பாதி வரலாறேயாகும்.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அவர்கள் மிகக் கொடுமையாக அடக்கினர். அதன் பின்னர் மலைநாட்டின் உட்பகுதிகளை அறியும் முயற்சி விரைந்து நடந்தது. படை வைத்தியராயிருந்த ஜோன் டேவி என்பவர் 1819ஆம் ஆண்டில் நுவரெலியாச் சமவெளிக்குச் சென்றார். விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் தம்பியாராகிய இவர், இலங்கையின் உட்பகுதியைப் பற்றி எழுதிய நூல் 1821இல் வெளிவந்தது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 6,100 அடி மேலே, பீதுருதாலகால மலையின் அடியில், காடு சூழ்ந்த புல்வெளியாக அவ்விடம் அன்று கிடந்தது. அதே 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் நீலகிரி மலையேறினார். உதகமண்டலம் என்னும் நகரம் அப்பயணத்தின் விளைவாகும். பாக்குநீரிணைக்கு இருமருங்கும் ஒரே ஆண்டில் இரு மலைகள் வெள்ளையர் கண்ணிற் பட்டன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்விரு மலைகளும் பின்னர் வேறொரு வகையாலும் பிணைக்கப்பட்டன. அஃது இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரும்.

1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பார்ன்ஸ், பாதை அமைப்பதிற் பெருவேட்கை உடையவர். கண்டியிலிருந்து இறம்பொடைக் கணவாய் வழியாக நுவரெலியாவுக்குப் பாதை செல்வதற்கு அவர் காலத்திலேயே வழி பிறந்தது. தமக்கென ஒரு மாளிகையையும் அவர் அங்கு எழுப்பினார். அதுவே பிற்காலத்தில் விரிவடைந்து கிராண்ட் ஹோட்டல் என்னும் விடுதியாயிற்று. 1820களின் இறுதியில் நோயுற்ற போர்வீரர் தங்கித் தேறும் நிலையமொன்றும் அங்கு அமைந்தது. ஆகவே இந்நகரின் முதற் குடிகள் நோயாளிகள் எனலாம். உல்லாசம் பின்னர் வந்தது.

வேட்டைக்காரராகிய சாமுவேல் பேக்கரும் நோயாளியாகவே இங்கு வந்தவர். காய்ச்சலால் மெலிந்திருந்த அவர் சில நாட்களிற் குளிர்ந்த காற்றினால் உடல் தேறி, இவ்வளவு நல்ல இடம் பாழாய்க் கிடப்பதேன் என வியந்தார். இங்கிலாந்து சென்று, 1848ஆம் ஆண்டில் ஒரு கப்பலிலே பண்ணையாட்களையும் கொல்லனையும் ஆடுமாடுகளையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். சிறியதோர் ஆங்கிலக் கிராமத்தையே மலையுச்சியில் நட்டுவிடுவது அவர் எண்ணம். இறம்பொடைக் கணவாயில் அவருடைய குதிரைவண்டி பள்ளத்திற் கவிழ்ந்தது. வண்டியோட்டி குடித்திருந்தானாம். முதலில் விளைந்த பயிரைப் புழுக்கள் தின்றன. எனினும் மனந்தளராது உழைத்து, உருளைக்கிழங்கு முதலிய மேலைநாட்டு மரக்கறிகள் இம்மண்ணில் விளையும் என்பதை அவர் காட்டினார். 1855இல் நாட்டை விட்டு நீங்கி, பின்னர் ஆபிரிக்காவில் நைல் நதியின் தோற்றுவாயைத் தேடிப் புகழ்பெற்றார். இன்று கொழும்புச் சந்தைக்குக் கரட்டும் லீக்சும் கோவாவும் இறங்குவதற்கு அவரது முயற்சியும் ஒரு தொடக்கமாகும். ஆயினும் பேக்கரின் கிராமம் அவர் நினைத்தபடி நிலைபெறவில்லை. வெள்ளையர் உழவராக அங்கு வாழ இயலாது என்பதும், மலை செழிக்க வேண்டுமாயின் வேறொருவர் உழைக்க வேண்டும் என்பதும் விரைவில் தெளிவாயின.

அவ்வுழைப்பாளர் தென்னிந்தியாவிலிருந்து வந்தனர். 1820கள் தொடங்கிக் கோப்பித் தோட்டங்களின் பொருட்டுத் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், திருநெல்வேலி முதலிய பகுதிகளின் ஏழை உழவர் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக அவர்கள் நடந்தனர். பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளிற் கண்ட இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை அழித்துவிடவே, மலைகள் யாவும் தேயிலைக்கு மாறின. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆட்கள் மிகுதியாக வேண்டும். வேலை முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பலாம். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்துவிடுவது. ஆதலின் பெண்களும் பிள்ளைகளும் உட்பட முழுக் குடும்பமும் நிலையாகத் தங்க வேண்டியதாயிற்று. வந்து போவோராயிருந்த மக்கள் வாழ்ந்திருப்போராயினர். ஒரு பயிரின் இயல்பு ஒரு மக்களினத்தின் வாழ்விடத்தை முடிவு செய்த வரலாறு இது.

மலைமக்கள் நிலைகொண்ட அதே காலத்திலேதான் நுவரெலியா உல்லாச நகரமாக உருப்பெற்றது. ஹக்கலைப் பூந்தோட்டம் 1861இல் சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்காகத் தொடங்கப்பட்டது. காய்ச்சலுக்கு மருந்து தந்த தோட்டம் பின்னர் ரோசாவும் பன்னமும் காட்டும் பூங்காவாயிற்று. தேசாதிபதி வில்லியம் கிரெகரி 1873இல் சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி ஏரியாக்கினார். 1876இல் ஹில் கிளப்பும், 1889இல் கோல்ஃப் சங்கமும் தோன்றின. குதிரைப் பந்தயத் திடலும் அக்காலத்ததே. 1897இல் விக்டோரியா மகாராணியாரின் அறுபதாம் ஆண்டு ஆட்சிவிழா நினைவாக நகரத்தின் நடுவே பூங்கா அமைந்தது. தாழ்நிலத்து வெப்பம் தம் பிள்ளைகளின் உடலைக் கெடுக்கும் என்று ஆங்கிலத் தாய்மார் பெரிதும் அஞ்சினர். ஆதலாற் கடும் வெயில் காயும் மாதங்களிலே துரைசாணிமாரும் குழந்தைகளும் ஆயாமாரோடு மலையேறினர். குழந்தைகள் மட்டக்குதிரை ஏறினர். பெரியோர் ஏரியிற் படகு விட்டனர். மாலையிற் கணப்பு மூட்டிய கூடத்தில் விருந்து நடந்தது. ஓக்கும் சைப்பிரசும் நட்டு, கூரையும் சாளரமும் தம் ஊர்ப் பாங்கில் அமைத்து, இங்கிலாந்தின் ஒரு துண்டையே அவர்கள் படைத்துக்கொண்டனர். ஹில் கிளப்பிலே இலங்கையர் நெடுங்காலம் உறுப்பினராகச் சேர இயலாதிருந்தது. சிங்களவர், தமிழர் என்ற வேறுபாடு அவ்வாயிலில் இருக்கவில்லை!

இவ்வுல்லாசத்தை ஏற்றிவந்தது புகையிரதம். நாவலப்பிட்டிக்கு 1874இலும் அட்டனுக்கு 1884இலும் வந்த பாதை, 1885இல் நானுஓயாவை அடைந்தது. அங்கிருந்து நகரம் ஏறக்குறைய 6 மைல். 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஒடுங்கிய பாதையொன்று திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலே கந்தப்பளை வழியாக இராகலை வரை நீண்டது. சிறிய இயந்திரம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். மேலே வரும்போது விருந்தாளிகளும் அரிசி மூடைகளும் வரும். கீழே இறங்கும்போது தேயிலைப் பெட்டிகள் செல்லும். மோட்டார் வண்டிகள் பெருகியதும் வருவாய் குன்றி, 1940களில் அப்பாதை மூடப்பட்டது. ஓய்வு நகரம் தேயிலையினின்றும் தனித்து நிற்கவில்லை என்பதற்கு இவ்விருப்புப் பாதையினும் நேரான சான்று வேண்டியதில்லை. தேயிலைக்காகவே புகையிரதம் மலையேறிற்று. உல்லாசப் பயணி அதில் இடம்பெற்றார்.

ஏரிக்கரையில் ஓய்ந்திருந்தோர் காணும் மலைச்சரிவிலே மக்கள் எங்ஙனம் வாழ்ந்தனர்? விடியுமுன் தப்பொலி கேட்கும். பெரட்டுக் களத்திலே ஆட்கள் கூடுவர். பெண்கள் இடுப்பிற் படங்கு சுற்றி, தலையிற் கம்பளி போர்த்து, கூடையை முதுகிற் கட்டி நிரைக்கு ஏறுவர். கைக்குழந்தை பிள்ளைமடுவத்திற் கிடக்கும். குடியிருப்போ லயம், ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி கொண்ட ஓர் அறையில் ஒரு குடும்பம். துரைசாணி குழந்தையின் உடல்நலம் கருதித் தேடிவந்த அதே குளிர், லயத்தின் ஈரத்தரையிலே கிடந்த குழந்தைக்கு மார்ச்சளியாயிற்று. காற்று ஒன்றே, அதனைச் சுவாசித்த நிலைமைகள் வேறு.

ஆயினும் அம்மக்கள் ஓய்வும் கலையும் அறியாதவர் எனக் கொள்ளுதல் பெரும் பிழை. நகரத்தின் பருவகாலத்துக்குச் சற்று முன்னரே லயங்களின் பருவகாலம் வந்துவிடும். மாசி மாதத்திற் காமன் கம்பம் ஊன்றி, இரதி மன்மதன் திருமணமும், சிவபெருமான் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிதலும், இரதியின் புலம்பலும் இரவிரவாக ஆடப்படும். பகலிற் கவ்வாத்துக் கத்தி பிடித்தவனே இரவில் மன்மதனாவான். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவ்வாறே தோட்டந்தோறும் ஆடப்பட்டன. எழுதப்படாத ஏடாக இக்கூத்துக்கள் தலைமுறை தலைமுறையாக நின்றன. நகரத்துக் குதிரைப் பந்தயங்கள் பற்றிப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதின. சில மைல்களுக்கு அப்பால் நடந்த காமன் கூத்துக்குக் கற்றோர் நெடுங்காலம் செவிசாய்க்கவில்லை. இவ்விடத்தில் வெள்ளையரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞராயும் புகையிரத நிலைய அதிபராயும் மருந்தாளராயும் ஆசிரியராயும் மலைநாடு சென்றோர் பலர். அவருட் சிலர் தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துப் பெருந்தொண்டு செய்தனர் என்பது உண்மையே. ஆனாற் பெரும்பாலார்க்கு அது குளிரான உத்தியோக இடமாகவே இருந்தது. லயத்து வாசலை அவர்கள் மிதித்தது அரிது. சைவமும் தமிழும் ஒன்றாயிருந்தும் நேர்ந்த இத்தூரம் வரலாற்று மாணவர் ஆராய வேண்டியதொன்றாகும்.

அரசியற் களத்திலே முதற்குரல் அட்டனிலிருந்து எழுந்தது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர் 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கென அங்கு சங்கம் அமைத்தார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். துரைமாரின் விளையாட்டு நகரம் ஒரு தொழிலாளர் தலைவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று.

அந்நிலை நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி ஒருவர் தம் தந்தையேனும், அன்றிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்தவர் என நிறுவ வேண்டும். பிறப்புப் பதிவு அரிதாயிருந்த தோட்டங்களிலே அச்சான்றுக்கு எங்கே போவது? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. இக்கேள்வியே தமிழ்ப் பிரதிநிதிகளிடையே பிளவு ஏற்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றுவதற்குக் காரணங்களுள் ஒன்றாகும். நுவரெலியாவின் நிலையை ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டும். பத்து நாள் தங்கிச் செல்வதற்கு வந்தவர் விருந்தாளி என வரவேற்கப்பட்டார். பல தலைமுறையாக அம்மண்ணிற் பிறந்து, உழைத்து, அதிலேயே புதைக்கப்பட்ட குடும்பத்தார் சட்டத்தின் கண்ணில் வந்து தங்கியவராயினர். 1952 தொடங்கி 1977 வரை மலையக மக்கள் வாக்கினால் தம் பிரதிநிதி எவரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடியவில்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. மேற்கிந்தியத் தீவுகளிலொன்றாகிய குவாதலூப்பு, பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டது. இன்று கடற்கரை விடுதிகளுக்குப் பேர்போன அத்தீவு அன்று கரும்புத் தோட்டங்களின் தீவு. அடிமை முறை 1848இல் ஒழிந்த பின்னர்த் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியதாக, 1854ஆம் ஆண்டு டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து முதற் கப்பல் அங்கு சேர்ந்தது. தமிழர் பலர் அதன்பின் சென்றனர். கப்பஸ்தேர் என்னும் ஊரிலே அவர்தம் மரபினர் வழிபடும் மாரியம்மன் கோயில் இன்றும் உண்டு. அம்மரபிற் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சத்தார்க்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என 1904இல் வழக்குத் தொடுத்து, 1923இல் வெற்றி கண்டார். தேயிலை மலையாயினும் கரும்புக் கரையாயினும், உழைக்க அழைத்துவரப்பட்டவர் குடிகளாக ஏற்கப்படுவதற்கு நெடுங்காலம் வாதாட வேண்டியிருந்தது. குவாதலூப்பிலே 19 ஆண்டுகளில் முடிந்த வழக்கு, நுவரெலியாவில் அதனினும் நீண்டது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதென 1974இல் உடன்பட்டன. உடன்படிக்கைக்கு உட்பட்ட மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. நானுஓயா, அட்டன் முதலிய நிலையங்களிலே ஒருபுறம் கம்பளிச் சட்டையணிந்த குழந்தைகளோடு விடுமுறைக் குடும்பங்கள் இறங்கின. மறுபுறம் தகரப் பெட்டிகளோடு தலைமன்னாருக்குப் புறப்பட்ட குடும்பங்கள் உறவினரைக் கட்டியழுதன. அங்ஙனம் போனவரிற் பலர்க்கு வேலை கிடைத்த இடம் எது? தாயகம் திரும்பியோர்க்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அத்தோட்டங்கள் நீலகிரியிலே கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் அமைந்தன. நுவரெலியாவுக்கு அருகிற் கொழுந்து பறித்த கைகள் உதகமண்டலத்துக்கு அருகிற் கொழுந்து பறித்தன. 1819இல் இருவர் இரு மலைகளுக்கு ஏறியதன் பயன், ஒன்றரை நூற்றாண்டின் பின் இவ்வாறு வந்து பொருந்திற்று. இலங்கையில் எஞ்சி நின்ற நாடற்றோர்க்குக் குடியுரிமை முழுமையாகக் கிட்டியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயாம்.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கையில் விடப்பட்டது. நகரமும் ஆள் மாறிற்று. துரைமார் போன பின்னர் கொழும்பு, கண்டி முதலிய ஊர்களின் நடுத்தரக் குடும்பங்கள் சித்திரைப் புத்தாண்டையொட்டி மலையேறத் தொடங்கின. இன்று ஏப்பிரல் முதலாந் தேதி பாடசாலைப் பிள்ளைகளின் வாத்திய அணிவகுப்போடு வசந்தகாலம் ஆரம்பமாகும். மலர்க் கண்காட்சியும் மோட்டார் ஓட்டமும் குதிரைப் பந்தயமும் தொடரும். ஏரியில் அன்னவடிவப் படகுகள் மிதக்கும். ஹக்கலைக்கு அணித்தாயுள்ள சீதா எலியவில், சீதாபிராட்டியார் சிறையிருந்த அசோகவனம் இதுவென நம்பி, இந்திய யாத்திரிகர் திரளாக வருகின்றனர். 1894இற் கட்டிய செங்கற் தபாலகத்தை விடுதியாக்கும் யோசனை 2023இல் எழுந்தபோது தபால் ஊழியர் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர்.

அதே 2023ஆம் ஆண்டிலேதான் மலையக மக்கள் தம் வரவின் இருநூறாம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே நடந்தனர். நுவரெலியா மாவட்டத்திலே பெருந்தொகையினர் இம்மக்களே. புத்தாண்டு விடுமுறையிலே தோட்டக் குடும்பங்களும் புத்தாடை உடுத்து ஏரிக்கரைக்கு வருகின்றன. பாட்டியர் புல்வெளியில் அமர, பேரப்பிள்ளைகள் மட்டக்குதிரையைச் சுற்றி நிற்கின்றனர். 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் வரையறுக்கப்பட்ட நாட்சம்பளத்திலே படகுக்கும் குதிரைக்கும் எவ்வளவு ஒதுக்கலாம் என்று தந்தைமார் கணக்கிடுவது வேறு விடயம்.

கந்தப்பளைக்கு அருகே ஹெதசெட் என்னும் தோட்டமொன்று உண்டு. அங்கு மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின. பழைய இயந்திரங்களும் காட்சிக்கென அப்படியே விடப்பட்டுள்ளன. விருந்தினர் விரும்பினாற் கூடை கட்டிக்கொண்டு சிறிது நேரம் கொழுந்து பறித்துப் பார்க்கலாம். படம் எடுத்துக்கொண்டு அவர்கள் உள்ளே திரும்பிய பின்னரும், சாளரத்துக்கு வெளியே நிரைகளில் நிற்கும் பெண்கள் அன்றைய நிறையை நிரப்பும்வரை பறித்துக்கொண்டே இருப்பர்.